சிவப்பு வண்டி, வெள்ளைப் பானெட்

குளத்தூர் தாலுகா
9.6.2024

அன்புத் தம்பி சிவபிரகாஷுக்கு,

அக்கா பிரகதீஸ்வரி எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். உன் வயிற்று வலி மட்டுப்பட்டதா? நீ போனில் கூப்பிட்டால் பத்து நிமிடம் தருகிறார்கள். உன் பின்னால் அடுத்த ஆள் காத்து நிற்கிற சத்தம் கேட்டதுமே எனக்குப் பேச்சு வற்றிப்போகிறது. அதனால் இனிமேல் எழுதுவது என்று வைத்துக்கொண்டேன்.

உன் மச்சானுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. போனில் "சுகர் கூடிருச்சு" என்று மட்டும்தான் உன்னிடம் சொன்னேன். சித்திரையிலிருந்து டயாலிசிஸ் நடக்கிறது. வாரத்தில் மூன்று நாள், திருச்சியில். முடிந்து எழுந்தால் அவருக்குத் தலை சுற்றுகிறது. ஒருநாள் கீரனூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கமாட்டாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அதிலிருந்து நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போய் வருகிறேன்.

பெரிய வண்டி லிட்டருக்குப் பத்துகூடத் தருவதில்லை. கடலை வியாபாரம் நின்று ஐந்து மாதமாகிறது. அதனால் அதை விற்றுவிடப் போகிறோம். ஷெட்டில் தார்ப்பாய் போட்டு நிற்கிற உன் சிவப்பு வண்டியை விற்கலாம் என்றால் இந்தப் பக்கத்தில் வாங்க ஆளில்லை. வெள்ளைச்சாமி அடிபட்டுச் செத்த வண்டி என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அதனால் கேட்கிறேன், அதை நான் ஓட்டட்டுமா? பத்து வருஷத்து வண்டியானாலும் சின்ன வண்டி, மெதுவாகப் போனால் பெட்ரோல் மிச்சமாகும் என்கிறார் உன் மச்சான்.

எனக்கு பிரேக்தான் பயம். அன்றைக்கு அது பிடிக்கவில்லை என்றாயே, எந்த இடத்தில் கெட்டுப்போயிருந்தது என்று எழுது. மெக்கானிக் சேரனிடம் சொல்லிச் சரிசெய்துகொள்கிறேன்.

உன் மச்சான் வெற்றிசெல்வன் உன்னை மிகவும் கேட்டதாக எழுதச் சொன்னார். வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


கோவை மத்திய சிறை
21.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். வயிற்று வலி பரவாயில்லை, மாத்திரை தருகிறார்கள். மச்சானைப் பற்றிப் படித்ததும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை நாள் மறைத்துவிட்டாயே.

வண்டியை எடுத்துக்கொள், கேட்கவே வேண்டியதில்லை. இரண்டு வருஷம் நின்ற வண்டி. டேங்க்கில் உள்ள பழைய பெட்ரோலை முழுக்க இறக்கச் சொல். பேட்டரி போயிருக்கும். டயர் நான்கையும் பார். எலி ஒயரைக் கடித்திருக்கும்.

மைலேஜ் வேண்டுமென்றால் காலை மெதுவாக வைக்க வேண்டும். இன்ஜின் முள் இரண்டாயிரத்தைத் தாண்ட விடாதே. அதற்கு மேல் டர்போ இழுக்கும், பெட்ரோல் கொட்டும். ஐம்பது அறுபதிலேயே போனால் லிட்டருக்குப் பதினேழு கொடுக்கும். நான் அந்த வண்டியில் பதினேழைப் பார்த்ததே இல்லை. ஒன்பதைத்தான் பார்த்திருக்கிறேன்.

நீ எந்த வழியாகத் திருச்சி போகிறாய்? மெயின் ரோட்டிலிருந்து பிரிகிற அந்த விலக்கு ரோடா?

மச்சானை உப்பைக் குறைக்கச் சொல். தண்ணீரும் அளவாகத்தான் குடிக்க வேண்டுமாம், இங்கே ஒருவர் சொன்னார்.

உன் தம்பி
சிவா


குளத்தூர் தாலுகா
14.7.2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இருவரும் இருக்கிறோம். நீயும் உடம்பைப் பார்த்துக்கொள்.

சேரன் ஒன்பது நாள் வைத்திருந்து வண்டியைக் கிளப்பிவிட்டான். நசுங்கிய பானெட்டுக்குப் பதிலாகப் பழைய சாமான் கடையில் ஒன்று கிடைத்தது. வெள்ளைப் பானெட். பெயிண்ட் அடிக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன், அந்தக் காசுக்கு நான்கு தடவை திருச்சி போய் வரலாம். சிவப்பு வண்டியில் வெள்ளைப் பானெட்டைப் பார்த்துக் கீரனூரில் ஆட்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். வண்டி சின்னதுதான், சத்தம் மட்டும் லாரிச் சத்தம். அது நீ மாட்டிய சைலன்சர் என்றான் சேரன்.

நீ சொன்னபடிதான் ஓட்டுகிறேன். பதினாறு வருகிறது. உன் மச்சானுக்குக் கால் நீட்ட இடமில்லை. சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொள்கிறார். வெயில் முகத்தில் அடிக்காமல் துண்டைக் கண்ணாடியில் செருகிவிடுகிறேன்.

பிரேக்கைப் பற்றி நீ எழுதவில்லை. சேரன் நான்கு வீலையும் கழற்றிப் பார்த்தான். "அக்கா, இதுல கெட்டுப்போனது எதுவுமே இல்ல. ஆயில் மட்டும் பழசு, மாத்திட்டேன். இம்புட்டு நல்ல பிரேக் நம்ம ஊருல எந்த வண்டியிலயும் கெடையாது. பெரிய டிஸ்க்காப் பாத்துப் போட்டிருக்கான் சிவா" என்றான்.

மோட்டார் வண்டி இன்ஸ்பெக்டரும் அதைத்தான் கோர்ட்டில் சொன்னார். அவர் சரியாகப் பார்க்கவில்லை என்று நாம் சொன்னோம். நீ எதற்கும் எழுது.

அக்கா


குளத்தூர் தாலுகா
19.8.2024

அன்புத் தம்பி சிவாவுக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாகிறது, உன் பதிலைக் காணோம். போனும் வரவில்லை. உடம்புக்கு ஏதும் இல்லையே?

உன் மச்சானுக்குக் கையில் ஊசி குத்துகிற இடம் வீங்கிவிட்டது. இரண்டு தடவை பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்கு வந்து ஒரு வாய் கஞ்சி குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறார். ஆனால் உன் அப்பீலை மட்டும் மறப்பதில்லை. மதுரை வக்கீல் போன் பண்ணினார். பிரேக்கில் முன்பே கோளாறு இருந்தது, விபத்துக்கு முந்திய வாரம்தான் வண்டி தன்னிடம் வந்தது என்று ஒரு மெக்கானிக் எழுதிக் கொடுத்தால் நல்லது என்றார். சேரனிடம் கேட்கச் சொல்லி உன் மச்சான் என்னைத் தினமும் நச்சரிக்கிறார். முந்திரிக்கொல்லையை விற்று உன் வழக்கை நடத்திய மனிதர், இதைக்கூடச் செய்யவில்லையென்றால் எப்படி என்கிறார்.

நான் இன்னும் கேட்கவில்லை. நீ கேள் என்றால் கேட்கிறேன். நீ சொல்ல வேண்டும் சிவா.

அக்கா


கோவை மத்திய சிறை
1.9.2024

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

நான் நலம். சமையற்கட்டில் வேலை போட்டிருக்கிறார்கள், அதனால் எழுத நேரமில்லை. இங்கே நல்ல மழை. மச்சானின் கை வீக்கத்துக்கு டாக்டர் என்ன சொன்னார்? வண்டி பதினாறு தருவது நல்லதுதான். டயரில் காற்று முப்பத்து மூன்று இருக்கட்டும், மைலேஜ் இன்னும் ஒன்று கூடும். ஏசி போட்டால் குறையும், ஆனால் மச்சானுக்காகப் போடு.

சேரனிடம் கேள். அவனுக்கு என்மேல் பாசம் உண்டு.

சிவா


குளத்தூர் தாலுகா
15.9.2024

தம்பிக்கு,

நலம். உன் நலமும் அப்படியே இருக்கட்டும்.

சேரனிடம் கேட்டேன். வீலைக் கழற்றி வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். "நீங்க போடுன்னா போடுறேங்க்கா கையெழுத்து. ஆனா நீங்க வாயால சொல்லணும், இல்லாதத எழுதுடான்னு" என்றான். எனக்கு வாய் வரவில்லை. வந்துவிட்டேன்.

அது செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை திருச்சியிலிருந்து திரும்பும்போது, கீரனூர் தாண்டி ஒரு ஆட்டுக்குட்டி சட்டென்று குறுக்கே பாய்ந்தது. மிதித்தேன். அந்த இடத்திலேயே வண்டி நின்றது. குட்டிக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கலாம், அவ்வளவு இடம் மிச்சம். தூங்கிக்கொண்டிருந்த உன் மச்சான் முன்னால் போய்க் கையை ஊன்றிக்கொண்டார். கட்டுப் போட்ட கை. வலியில் கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை. ஆடு மேய்க்கிற பெண் குட்டியைத் தூக்கிக்கொண்டு போகும் வரைக்கும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நின்னுருச்சே" என்றார்.

வண்டியை எடுத்தேன். வீட்டு வாசலில் இறங்கும்போது, "பழைய பிரேக்குதான? சேரன் புதுசு எதுவும் மாட்டலையே?" என்று கேட்டார். இல்லை என்றேன். உள்ளே போய்ப் படுத்துவிட்டார். நேற்றோடு நான்கு நாள். வக்கீல் பேச்சை அவர் எடுக்கவில்லை.

நான் உன்னைக் குற்றம் சொல்லவில்லை. அம்மா போனபோது நீ ஒன்பதாவது படித்தாய். நான்தான் உனக்குச் சோறு போட்டேன், நான்தான் உன்னை நம்பினேன். என்ன நடந்தது என்று எனக்கு மட்டுமாவது எழுது.

அக்கா


கோவை மத்திய சிறை
27.10.2024

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். நீயும் மச்சானும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கக்கூட எனக்கு முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

பிரேக் கெடவில்லை.

அன்றைக்கு நானும் அஜித்தும் திருச்சியிலிருந்து பந்தயம் வைத்து வந்தோம். அவனுடையது புது வண்டி, என்னுடையது பழையது. பழைய வண்டியில் நான் முந்திக் காட்டுகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். கீரனூர் வரைக்கும் அவன்தான் முன்னால். விலக்குக்குக் கொஞ்சம் முன்னால் நான் முந்தினேன். நூற்று முப்பதைத் தாண்டியிருந்தேன்.

வெள்ளைச்சாமி கையில் தூக்குவாளியோடு விலக்கில் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார். பாதிக்கு மேல் வந்துவிட்டார். நான் தூரத்திலேயே பார்த்துவிட்டேன் அக்கா. நேரம் இருந்தது. மிதித்திருந்தால் நின்றிருக்கும், அந்த வண்டி எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று எனக்குத் தெரியாதா? மிதித்தால் அஜித் தாண்டிவிடுவான். அதனால் ஹாரனை அழுத்தினேன். அவர் பின்னால் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் சத்தத்தில் மிரண்டு நடுரோட்டில் நின்றுவிட்டார். அதற்குப் பிறகுதான் என் கால் பிரேக்குக்குப் போனது.

போலீஸ்காரர் கேட்டதும் "பிரேக் பிடிக்கல சார்" என்று வாயில் வந்துவிட்டது. அந்த ஒன்றைத்தான் பிறகு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தேன். கொல்லையைக் கிரயம் எழுதிய அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும். ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் மச்சான் என் தோளில் கையைப் போட்டு, "வண்டி பண்ணுன தப்புக்கு நீ ஏண்டா உள்ள போகணும்" என்றார். அதற்கு அப்புறம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

சேரனிடம் கையெழுத்து வாங்க வேண்டாம். இதை மச்சானிடம் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம்.

சிவா


கோவை மத்திய சிறை
8.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தீபாவளிக்கு உன் கடிதம் வரும் என்று பார்த்தேன். கார்த்திகையும் முடியப்போகிறது. உனக்கும் மச்சானுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு கார்டில் எழுதினால் போதும். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

சிவா


குளத்தூர் தாலுகா
5.1.2025

தம்பி சிவாவுக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. நான் நன்றாக இருக்கிறேன். உன் மச்சானுக்கு எடை குறைந்துகொண்டே போகிறது. மூச்சு வாங்குகிறது. எழுத உட்காருவேன், எழுத வராது, எழுந்துவிடுவேன்.

கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டு வாசித்தார், மடித்துத் தலையணைக்கடியில் வைத்தார். கொல்லையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குத் தேவலை.

நீ முன்பு எந்த வழியாகப் போகிறாய் என்று கேட்டாய். நான் பதில் எழுதவில்லை. விலக்கு ரோட்டில்தான் போய்க்கொண்டிருந்தேன். வெள்ளைச்சாமி சம்சாரம் அழகி வீட்டு வாசல் வழியாக. வாரம் ஆறு தடவை. அந்த வீடு வரும்போது வலது பக்கம் பார்க்கமாட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது.

போன வெள்ளிக்கிழமை திரும்பும்போது வண்டியை அங்கே நிறுத்தினேன். உன் மச்சான் சீட்டில் கண்ணை மூடியிருந்தார், ஏன் என்று கேட்கவில்லை. வாசலில் கோலப்பொடியோடு உட்கார்ந்திருந்த பிள்ளை எழுந்து உள்ளே ஓடிவிட்டது. ஏழெட்டு வயது இருக்கும். அழகி வெளியே வந்தாள்.

"நான் சிவபிரகாஷோட அக்கா" என்றேன்.

"தெரியும். வாரத்துக்கு மூணு நாளு அங்கிட்டுப் போறீக, இங்கிட்டு வாரீக. வண்டி விலக்குல திரும்பையிலயே காவ்யா உள்ள ஓடிரும். அந்தச் சத்தம் அதுக்குத் தெரியும்."

நீ எழுதியதை அப்படியே சொன்னேன். பிரேக் நன்றாக இருந்தது, அவன்தான் மிதிக்கவில்லை என்று. அவள் அழவில்லை.

"இதை ஏன் எங்கிட்டச் சொல்றீக? நான் எதுத்தாப்புலதான நின்னேன், கண்ணால பாத்தேன்ல? கோர்ட்டுல அதைச் சொன்னதுக்கு ஒங்க வக்கீலு என்ன சொன்னாரு? 'பொய் சொல்லாதம்மா, ஒம் புருஷன் குடிச்சிட்டு வண்டிக்குக் குறுக்க வந்தான்'னாரு. எல்லாருங் கேட்டுக்கிட்டு இருந்தாக. ஊருல இன்னமும் அதைத்தான் சொல்றாக. அங்க போயிச் சொல்லுங்க."

அன்றைக்கு நானும் கோர்ட்டில் உட்கார்ந்திருந்தேன் சிவா. வக்கீல் அதைச் சொன்னபோது நன்றாகக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

அவள் வண்டியைப் பார்த்தாள். "அவுகளுக்கு என்ன?" என்றாள். சொன்னேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

அக்கா


கோவை மத்திய சிறை
19.1.2025

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

பொங்கலன்று உன் கடிதம் கைக்கு வந்தது. மச்சானுக்கு மூச்சு வாங்குவது குறைந்ததா?

அப்பீல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சும்மா வேண்டாம் என்று எழுதவில்லை. பிரேக் சரியாக இருந்தது, நான்தான் மிதிக்கவில்லை, அவர் குடித்திருந்ததாக எங்கள் பக்கம் சொன்னது பொய், அந்த அம்மா சொன்னதுதான் உண்மை என்று என் கையெழுத்தில் தமிழில் எழுதியிருக்கிறேன். வக்கீல் நேரில் வந்து, இப்படியெல்லாம் எழுதத் தேவையில்லை, வாபஸ் என்று ஒரு வரி போதும் என்றார். நான் மாற்றவில்லை. நகல் ஒன்று உனக்கு வரும்.

சைலன்சரை முதலில் கழற்று. வண்டியோடு வந்த பழையது ஷெட்டுப் பரணில் சாக்கில் சுற்றி இருக்கிறது. சேரன் அரை மணி நேரத்தில் மாட்டிவிடுவான். விலக்கு ரோட்டில்தான் அந்தப் பிள்ளையின் வீடு இருக்கிறது என்று எனக்குத் தெரியும் அக்கா. தெரிந்துதான் எந்த வழி என்று கேட்டேன். அதற்கு மேல் கேட்கத் தைரியமில்லை.

சிவா


குளத்தூர் தாலுகா
23.3.2025

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எனக்கு முழங்கால் வலி, மற்றபடி குறையில்லை. நீ இளைத்துவிட்டாய் என்று வக்கீல் சொன்னார். கிடைப்பதைச் சாப்பிடு.

அப்பீல் தள்ளுபடியாகிவிட்டது. நீ எழுதியதன் நகல் வந்ததும் எடுத்துக்கொண்டு போனேன். சைலன்சர் மாற்றியாகிவிட்டது என்றாலும் வண்டியை மெயின் ரோட்டில் பெட்ரோல் பங்கிலேயே விட்டுவிட்டு நடந்துதான் போனேன். அழகி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். காகிதத்தை நீட்டினேன்.

"எழுத்துக்கூட்டி வாசிக்க எனக்கு ரொம்ப நேரமாகும். நீங்களே வாசிங்க" என்றாள்.

வாசித்தேன். நின்றுகொண்டேதான். உன் கையெழுத்தை என் வாயால் வாசிப்பது எப்படி இருந்தது என்று உனக்கு எழுத மாட்டேன். முடித்ததும் அவள், "செத்த இருங்க" என்று பக்கத்து வீட்டுக்குப் போய் அங்கிருந்த இருளாயி அம்மாளையும் அவர் மருமகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரையும் கைகாட்டிக் கூப்பிட்டாள். உள்ளேயிருந்து காவ்யாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

"இப்ப வாசிங்க. சத்தமா."

மறுபடியும் முதலிலிருந்து வாசித்தேன். குடித்திருந்தார் என்று சொன்னது பொய் என்கிற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள். இருளாயி அம்மாள் பக்கம் திரும்பி, "கேட்டுச்சா?" என்றாள். அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். "மிச்சத்தையும் வாசிங்க" என்றாள். வாசித்து முடித்தேன். காகிதத்தை வாங்கிக்கொண்டு மகளோடு உள்ளே போய்விட்டாள். என்னை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

இப்போது அந்த வழியில் போவதில்லை. சத்தம் போனாலும் வண்டி அந்த வண்டிதானே, பிள்ளைக்குத் தெரியும். சுற்றிக் கீரனூர் போகிறேன். போக எட்டு கிலோமீட்டர் கூடுதல், வர எட்டு. பெட்ரோல் மிச்சம் என்று இந்த வண்டிக்கு வந்தோம், இப்போது பெரிய வண்டிக்கு ஆன செலவே ஆகிவிடும் போலிருக்கிறது. ரோடும் மோசம், குலுக்கலில் உன் மச்சானுக்கு வலிக்கிறது. "ஏன் இந்தப் பக்கம்?" என்று முதல்நாள் கேட்டார். சொன்னேன். அதிலிருந்து கேட்பதில்லை.

அவர் உன்னைக் கேட்டதாக முன்பெல்லாம் எழுதச் சொல்வார். இப்போது சொல்வதில்லை. நானாக எழுதுவது பொய்யாகிவிடும், அதனால் எழுதவில்லை. முந்தாநாள் மட்டும், வண்டியில் வரும்போது, "அவனுக்கு இன்னும் எத்தன வருஷம்?" என்று கேட்டார்.

மூன்றரை என்றேன்.

ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஊருக்குள் திரும்பும்போது, "நான் இருக்க மாட்டேன். அவன் வந்தா வீட்டுக்குள்ள கூப்பிட்டுச் சோறு போடு" என்றார்.

பதில் எழுது.

அக்கா
பிரகதீஸ்வரி